பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் ஆப் க்ராஷ் ஆகிறதா? ஆண்ட்ராய்டில் உள்ள நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகுகிறவர்களில் நிறையப் பேர் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர வேண்டும், அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் ஒன்று ஆப் க்ராஷ் ஆகிறது, இல்லையென்றால் எதுவுமே நடக்காத மாதிரி திரை அப்படியே நிற்கிறது. தீர்வு கேட்டால் ஒருவர் நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்ட் போடு என்கிறார், இன்னொருவர் அதைத் தொடவே தொடாதே, நோட்டிஃபை ஐட்டம் இன்சர்ட்டட் போடு என்கிறார், மூன்றாமவர் லிஸ்ட் அடாப்டருக்கு மாறு என்கிறார், நான்காமவர் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு கம்போஸில் (திரையைக் கோட்லின் கோடாகவே எழுதும் முறை) எழுது என்கிறார். நான்கு பேர் சொல்வதும் ஏதோ ஒரு சூழ்நிலையில் சரிதான், அதனால்தான் தேர்ந்தெடுப்பது கடினமாக இருக்கிறது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிழைகளில் முக்கால்வாசி, பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்யாமல் விட்டதால் வருகிறவை. ஆக்டிவிட்டியில் ஒரு பட்டியல், அடாப்டருக்குள் (தரவை வாங்கித் திரைக்கு வரிகளாகக் கொடுக்கும் பகுதி) ஒரு பட்டியல், சர்வரிலிருந்து வந்தது இன்னொன்று என்று மூன்று இருந்தால் நான்கு வழிகளில் எதைப் போட்டாலும் இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே பிழை திரும்ப வரும். உரிமையாளர் ஒருவர்தான் என்று ஆனபிறகு எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு எளிதாகப் பதில் கிடைக்கும்.

## முதலில் உங்களுடையது எந்தப் பிழை என்று பாருங்கள்

லாக்கேட்டில் (ஆப்பின் பிழைச் செய்திகள் வந்து விழும் இடம்) அன்சப்போர்ட்டட் ஆப்பரேஷன் எக்ஸெப்ஷன் என்று இருந்தால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடு உங்களுக்குத் தேவையில்லை. சேர்க்கவே முடியாத பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறீர்கள். ஜாவாவில் அரேஸ் ஆஸ்லிஸ்ட் கொடுப்பது நீளம் மாறாத பட்டியல், உள்ளே இருப்பதை மாற்றலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. லிஸ்ட் ஆஃப் கொடுப்பதை மாற்றவே முடியாது. பழைய லிஸ்ட்வியூவில் அரே அடாப்டருக்கு ஒரு அரேயை நேரடியாகக் கொடுத்துவிட்டு பின்னால் ஆட் செய்கிறவர்களுக்கும் இதே பிழைதான் வரும். ஒரு அரேலிஸ்ட்டை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. கோட்லினில் மியூட்டபிள்லிஸ்ட்ஆஃப். நல் பாயிண்டர் என்றால் பட்டியலை அறிவித்துவிட்டு உருவாக்காமல் விட்டிருக்கிறீர்கள், அதையும் இங்கேயே முடித்துவிடலாம்.

மீதி உள்ளவை மூன்று வகை. ஒன்று, தரவும் அடாப்டரின் கணக்கும் ஒத்துப்போகாதது: "இன்கன்சிஸ்டென்ஸி டிடெக்டட்" என்று தொடங்கும் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் பிழை. இரண்டு, தவறான நேரத்திலோ தவறான திரெட்டிலோ (ஆப்பில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தடங்களில் ஒன்று) தொடுவது: ரீசைக்ளர்வியூ (நீளமான பட்டியலைத் திரையில் காட்டும் பகுதி) லேஅவுட்டைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த மெதடை அழைக்காதே என்றோ, வியூவை உருவாக்கிய திரெட் மட்டுமே அதைத் தொடலாம் என்றோ செய்தி வரும். மூன்றாவதுதான் மோசமானது, பிழைச் செய்தியே இருக்காது, வரி சேர்ந்திருக்கும், திரையில் வராது.

முதல் வகையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இது டெஸ்ட் செய்யும்போது மாட்டாமல் வாடிக்கையாளர் கையில் போனபிறகுதான் விழும். இழுத்து விட்டால் புதுப்பிக்கும் திரை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட் இப்படிப் போகும்: இழுத்தவுடன் பட்டியலை க்ளியர் செய், சர்வரைக் கேள், பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர், அப்புறம் அடாப்டருக்குச் சொல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. அலுவலக வைஃபையில் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும், ஒன்றும் ஆகாது. வெளியே இணைய வேகம் குறைந்த இடத்தில் பதில் வர இரண்டு மூன்று நொடி ஆகும்போது பயனர் சும்மா இருக்கமாட்டார், விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பட்டியல் காலி, ஆனால் ரீசைக்ளர்வியூவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அது இன்னும் இருபது வரி இருப்பதாக நினைத்து பதினோராவது வரியைக் கேட்கிறது. அங்கேதான் க்ராஷ். ஸ்டாக் ட்ரேஸில் (க்ராஷ் ஆனபோது ஓடிக்கொண்டிருந்த மெதடுகளின் பட்டியல்) உங்கள் கோட் ஒரு வரிகூட இருக்காது, முழுக்க ஆண்ட்ராய்டின் உள் வகுப்புகளாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு லைப்ரரியில்தான் பிழை என்று பதிப்பை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது இவைதான். அந்த வழி தரவும் திரையும் பிரிந்து போவதைத் தானாகவே தடுக்கிறதா, அல்லது நீங்கள் ஒவ்வொரு முறையும் கவனமாக இருந்தால்தான் தடுக்குமா. வரி சேரும்போது பயனர் பார்த்துக்கொண்டிருந்த இடம் நகர்கிறதா, தட்டச்சு செய்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து கர்சர் போய்விடுகிறதா. பட்டியல் பெரிதானால் எவ்வளவு நேரம் தின்கிறது, ஏனென்றால் நொடிக்கு 60 முறை வரையும் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி செகண்ட், 120 என்றால் 8 சொச்சம். இருக்கிற கோடில் எவ்வளவு மாற்ற வேண்டும். கடைசியாக ஒன்று, எனக்கு இது முக்கியம்: தவறு நடந்தால் அது சத்தமாகத் தெரியுமா, சத்தமில்லாமல் போய்விடுமா.

## வழி 1: எல்லாம் மாறிவிட்டது என்று மொத்தமாகச் சொல்வது

நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்ட். பட்டியலை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிட்டு கடைசியில் இதை ஒருமுறை அழைத்தால் அடாப்டர் பழைய கணக்கையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து வரைகிறது. இடக்கணக்கில் தவறு செய்ய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் நீங்கள் இடத்தையே சொல்லவில்லை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு எல்லாரும் இதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதன் மறைவான செலவு இரண்டு பக்கம். திரையில் தெரியும் எல்லா வரிகளும் மறுபடி பைண்ட் ஆகும், அதாவது வரிக்குள் தரவு மறுபடி நிரப்பப்படும், சேர்ந்தது ஒன்றே ஒன்றாக இருந்தாலும். ஸ்டேபிள் ஐடி (ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாள எண்) வைக்காவிட்டால் அசைவு எதுவும் இருக்காது, வரி சட்டென்று தோன்றும். படம் உள்ள வரிகளில் கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு துடிப்பு தெரியும். வரிக்குள்ளேயே எண்ணிக்கை தட்டச்சு செய்யும் பெட்டி இருந்தால், கர்சர் வேறெங்கோ போய் கீபோர்டு மூடிக்கொள்ளலாம். மேலே ஒரு வரி சேர்த்தால் எது நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது என்பதால் பயனர் படித்துக்கொண்டிருந்த வரி அவர் கண்ணெதிரே ஒரு படி கீழே இறங்கிவிடும்.

இன்னொரு செலவு இதைவிடப் பெரியது. இது தவறை மறைக்கிறது. மேலே சொன்ன க்ளியர் செய்யும் கதையில், பதில் வந்தபின் டேட்டாசெட் சேஞ்ச்ட் போட்டிருந்தாலும் இடைப்பட்ட அந்த மூன்று நொடி ஓட்டை அப்படியேதான் இருக்கும். க்ளியருக்கு அடுத்த வரியிலேயே இன்னொன்று போட்டால் ஓட்டை அடைபடும், ஆனால் பதில் வரும்வரை திரை வெறுமையாக நிற்கும். சரியான மருந்து, பதில் கைக்கு வந்தபின் க்ளியரையும் சேர்ப்பதையும் அறிவிப்பதையும் மெயின் திரெட்டில் (திரையை வரையும் திரெட்) ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. அதைச் செய்யாமல் இந்த அழைப்பை அங்கங்கே தூவிக்கொண்டே போனவர்களின் கோடில் ஒரே திரைக்கு ஏழெட்டு இடத்தில் இது இருக்கும், எது எதற்காக என்று எழுதியவருக்கே நினைவிருக்காது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே இதன் கீழே மஞ்சள் கோடு போட்டு, குறிப்பான அறிவிப்புகளைப் பயன்படுத்து, இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள் என்கிறது. அதற்காக இது எப்போதும் தவறு என்று நினைக்க வேண்டாம். வரிசை முழுவதும் மாறும்போது, வடிகட்டி மாற்றி வேறு வகைப் பொருள்கள் முழுதாக வரும்போது, பதினைந்து இருபது எளிய வரிகள் மட்டும் உள்ள அமைப்புத் திரையில் இதுவே போதும்.

## வழி 2: எந்த இடத்தில் சேர்ந்தது என்று சொல்வது

நோட்டிஃபை ஐட்டம் இன்சர்ட்டட், பல வரிகள் என்றால் ஐட்டம் ரேஞ்ச் இன்சர்ட்டட். 2014-இல் ரீசைக்ளர்வியூ வந்தபோதே இதெல்லாம் சேர்ந்தே வந்தது, பழைய லிஸ்ட்வியூவில் இப்படி ஒன்று கிடையாது. நான்கு வழிகளில் இதுதான் வேகமானது, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எதுவும் இல்லை, புதிய வரி மட்டும் பைண்ட் ஆகி அழகாக உள்ளே நுழைகிறது.

கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் சொல்லும் கணக்கு எப்போதும் சரியாக இருக்க வேண்டும். எப்போதும் என்றால் எப்போதும்.

மளிகைக் கடைக்கு பில் போடும் ஆப் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் ஐந்து பொருள் இருக்கிறது, ஆறாவதாக வெங்காயம் சேர்க்கிறீர்கள். சேர்த்தபின் பட்டியலின் அளவு 6, வெங்காயம் உட்கார்ந்திருக்கும் இடம் 5. நிறையப் பேர் இங்கே சைஸையே அப்படியே எடுத்து 6 என்று அறிவித்துவிடுகிறார்கள். சைஸ் கழித்தல் 1 என்றிருக்க வேண்டும். இது நல்ல வகைத் தவறு, கோடைப் படித்தாலே மாட்டிவிடும். மாட்டாதது வேறு மாதிரி: பட்டியலின் தலையில் "பொருள், அளவு, விலை" என்று ஒரு தலைப்பு வரியை அதே அடாப்டருக்குள் பின்னால் ஒருநாள் சேர்ப்பீர்கள். அன்றிலிருந்து பொருளின் இடமும் அடாப்டரின் இடமும் ஒன்று தள்ளிப் போயிருக்கும், அறிவிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கூட்ட வேண்டும், ஒரு இடத்தில் மறந்தாலும் தவறான வரி அசையும். தலைப்பை கன்கேட் அடாப்டரில் (பல அடாப்டர்களை ஒன்றாக அடுக்கித் தருவது) தனியாகப் பிரித்துவிட்டால் இந்தக் கூட்டல் வேலையே வேண்டாம்.

வரிசை எண் காட்டும் பட்டியலாக இருந்தால் இன்னொரு தொல்லை. முதலிடத்தில் ஒரு பொருளைச் சேர்த்தால் மற்ற வரிகள் கீழே நகரும், ஆனால் மறுபடி பைண்ட் ஆகாது, அதனால் 1 என்று இரண்டு வரிகள் நிற்கும். கீழே உள்ளவற்றுக்கு ஐட்டம் ரேஞ்ச் சேஞ்ச்ட் தனியாகச் சொல்ல வேண்டும். இதே காரணத்தால் பைண்ட் ஆகும்போது கிடைத்த பொசிஷனை க்ளிக் லிஸனருக்குள் பிடித்து வைத்தவர்கள், தக்காளியின் நீக்கு பட்டனை அழுத்தினால் கத்தரிக்காய் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அழுத்தும் நேரத்தில் பைண்டிங் அடாப்டர் பொசிஷனைக் கேட்டு, அது நோ பொசிஷன் (வரிக்கு இப்போது இடம் இல்லை என்ற பதில்) இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எதையும் செய்ய வேண்டும்.

மேலே சேர்த்த வரி தெரியவில்லை என்ற புகாரும் இங்கேதான் வரும். உண்மையில் அது சேர்ந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருந்த வரியை ரீசைக்ளர்வியூ இடம் மாறாமல் பிடித்துக்கொள்வதால் புதியது திரைக்கு மேலே ஒளிந்திருக்கிறது. பயனரே சேர்த்த வரி என்றால் ஸ்க்ரோல் டு பொசிஷன் 0 கொடுங்கள். வேறு யாரோ அனுப்பியது என்றால் கொடுக்காதீர்கள், படிக்கிறவரைப் பிடித்து இழுப்பது எரிச்சல்.

பைண்ட் மெதடுக்குள்ளிருந்தோ அதற்குள் மாற்றப்பட்ட செக்பாக்ஸின் லிஸனரிலிருந்தோ அறிவித்தால் லேஅவுட் கணக்கிடும்போது அழைக்காதே என்ற பிழை வரும். போஸ்ட் என்று போட்டு ஒத்திவைத்தால் பிழை நின்றுவிடும். ஆனால் செக்பாக்ஸின் நிலையை வைப்பதற்கு முன் லிஸனரை நீக்கிவிட்டு, வைத்தபின் மறுபடி மாட்டுவதுதான் காரணத்தைத் தொடும் மாற்றம்.

இது எங்கே சிறந்தது? கடைசியில் மட்டும் சேர்ந்துகொண்டே போகும் பட்டியலில். அரட்டைத் திரை, ப்ளூடூத் கருவியிலிருந்து வந்துகொண்டே இருக்கும் அளவீடுகள், லாக் காட்டும் திரை. மாற்றம் ஒரே ஒரு மெதட் வழியாக மட்டும் நடக்கிறது, அந்த மெதடிலேயே அடுத்த வரியில் அறிவிப்பும் இருக்கிறது என்றால் இதை நம்பலாம். மூன்று பேர் சேர்ந்து எழுதும் திரையில், சேர்ப்பது நீக்குவது வரிசைப்படுத்துவது எல்லாம் பல இடத்தில் நடந்தால், வேண்டாம்.

## வழி 3: லிஸ்ட் அடாப்டர், அதற்குள் டிஃப்யூட்டில்

இதில் நீங்கள் என்ன மாறியது என்று சொல்வதில்லை. புதிய பட்டியலை சப்மிட்லிஸ்ட் வழியாக முழுதாகக் கொடுத்துவிடுகிறீர்கள், பழையதோடு ஒப்பிட்டு எந்த வரி சேர்ந்தது எது போனது என்று அதுவே கண்டுபிடித்து இரண்டாம் வழியின் அறிவிப்புகளை அதுவே அனுப்புகிறது. டிஃப்யூட்டில் 2016-இல் வந்தது, உள்ளே இருப்பது யூஜின் மையர்ஸின் வேறுபாடு காணும் அல்காரிதம். லிஸ்ட் அடாப்டர் 2018-இல் வந்து ஒப்பிடும் வேலையைப் பின்னணித் திரெட்டுக்குத் தள்ளியது.

வேகம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. ஆண்ட்ராய்டின் ஆவணத்திலேயே நெக்ஸஸ் 5எக்ஸ் போனில் எடுத்த அளவுகள் இருக்கின்றன: 100 வரிகளில் 10 மாற்றங்கள் என்றால் சராசரி 0.39 மில்லி செகண்ட். 1000 வரிகளில் 50 மாற்றங்கள் என்றால் 4.67. 1000 வரிகளில் 200 மாற்றங்கள் என்றால்தான் 27.07-க்குப் போகிறது, அதிலும் இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அணைத்துவிட்டால் 13.54. அந்தப் பழைய போனிலேயே இவ்வளவுதான், அதுவும் பின்னணியில் நடக்கிறது. ஒரு வரி சேர்ப்பதற்கு இது கணக்கிலேயே வராது.

இதன் தொல்லைகள் வேறு வகை. க்ராஷ் குறையும், சத்தமில்லாத பிழை கூடும். முதலாவது எல்லாரும் மாட்டுவது: அதே லிஸ்ட்டில் ஆட் செய்துவிட்டு அதையே மறுபடி சப்மிட்லிஸ்ட் செய்வது. பழைய லிஸ்ட்டும் புதிய லிஸ்ட்டும் நினைவகத்தில் ஒரே பொருள் என்று பார்த்தவுடன் அது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டூலிஸ்ட் போட்டு நகலெடுத்துக் கொடுத்தால் வேலை செய்யும். ஸ்டேட்ஃப்ளோ (மதிப்பு மாறினால் கேட்பவர்களுக்கு அனுப்பும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூட்டு முன்னாலேயே விழும், அதே லிஸ்ட்டை வேல்யூவாக வைத்தால் சமமாக இருக்கிறது என்று அது வெளியே அனுப்பவே அனுப்பாது. அதே மாதிரியான லைவ்டேட்டா அனுப்பிவிடும், ஆனால் அடாப்டர் கதவைச் சாத்திவிடும்.

வரிக்குள் இருக்கும் ஆப்ஜெக்டை நேரடியாக மாற்றினாலும் இதே கதை. பழைய பட்டியலிலும் புதியதிலும் இருப்பது அதே ஆப்ஜெக்ட், அதனால் உள்ளடக்கம் ஒன்றுதான் என்ற பதில் வரும். டேட்டா க்ளாஸில் எல்லாவற்றையும் வால் (கோட்லினில் மாற்ற முடியாத மதிப்பு) ஆக வைத்து காப்பி செய்யும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிரச்சனை உங்களை அண்டாது.

இனி நான் சொல்லப் போவது அதிகம் பேசப்படாதது, ஆனால் பணம் புழங்கும் ஆப்களில் இதுதான் ஆபத்து. அடாப்டரின் கரண்ட்லிஸ்ட்டை எடுத்து அதோடு ஒன்றைச் சேர்த்து சப்மிட் செய்கிறவர்கள் நிறைய. நேரடியாக கரண்ட்லிஸ்ட்டில் ஆட் செய்தால் அது படிக்க மட்டுமே என்பதால் உடனே க்ராஷ் ஆகும், அது பரவாயில்லை, தெரிந்துவிடும். நகலெடுத்துச் சேர்த்தால்? பில் போடும் ஆப்பில் பார்கோடு ஸ்கேனர் மாட்டியிருக்கிறீர்கள். சோப்பை ஸ்கேன் செய்தவுடன் கரண்ட்லிஸ்ட் கூட்டல் சோப் என்று சப்மிட் ஆகிறது. ஒப்பிடும் வேலை பின்னணியில் நடக்கிறது, அது முடிந்த பிறகுதான் கரண்ட்லிஸ்ட் மாறும். அதற்குள் அடுத்த ஸ்கேன், எண்ணெய். இப்போது கரண்ட்லிஸ்ட்டில் இன்னும் சோப் இல்லை. பழைய பட்டியல் கூட்டல் எண்ணெய் என்று சப்மிட் ஆகிறது, முந்தையதன் முடிவு தூக்கி எறியப்படுகிறது. பில்லில் சோப் காணோம். மெதுவாக ஸ்கேன் செய்து பார்க்கும் டெஸ்டில் இது வரவே வராது, கடையில் கூட்டம் இருக்கும் மாலை நேரத்தில் வரும்.

அடாப்டரைப் பட்டியலின் உரிமையாளராக வைத்ததுதான் இங்கே தவறு. பட்டியல் வியூமாடலில் (திரையின் தரவை வைத்திருக்கும் பகுதி) ஒரு ஸ்டேட்ஃப்ளோவாக இருந்து, அப்டேட் வழியாக மட்டும் மாறி, அடாப்டருக்கு அவ்வப்போது ஒரு நகல் மட்டும் போனால் இரண்டு ஸ்கேனும் தப்பாமல் சேரும். ரூம் தரவுத்தளம் இருந்தால் இன்னும் எளிது: சேர்ப்பதை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள், ஃப்ளோ ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய லிஸ்ட்டைக் கொடுக்கும், நகலெடுப்பதைப் பற்றிக்கூட யோசிக்க வேண்டாம்.

சேர்த்தவுடன் கடைசிக்கு ஸ்க்ரோல் செய்ய சப்மிட்லிஸ்ட்டுக்கு அடுத்த வரியில் எழுதினால் ஒரு வரி முன்னாலேயே நின்றுவிடும், புதியது இன்னும் வந்திருக்காது. சப்மிட்லிஸ்ட்டின் இரண்டாவது வாதமாகக் கொடுக்கும் கால்பேக்குக்குள் (வேலை முடிந்ததும் ஓடும் கோட்) ஸ்க்ரோலை வையுங்கள்.

இருக்கும் அடாப்டரை இதற்கு மாற்றுவது அரை நாள் வேலை என்று வைத்துக்கொள்ளலாம், வரிகளுக்கு மாறாத ஐடி இருந்தால். ஐடி இல்லாமல் பெயரை வைத்து ஒப்பிடும்படி ஆனால் ஒரே பெயரில் இரண்டு பொருள் வரும்போது குழம்பும், முதலில் ஐடிக்கு வழி செய்யுங்கள்.

## வழி 4: கம்போஸ்

2021 ஜூலையில் 1.0 வந்தது. அடாப்டர் என்ற பேச்சே இல்லை, அறிவிப்பும் இல்லை. லேஸிகாலம் (கம்போஸில் பட்டியல் காட்டும் பகுதி) உள்ளே பட்டியலைக் கொடுத்தால் பட்டியல் மாறும்போது திரை தானாக மாறும். இன்கன்சிஸ்டென்ஸி வகை க்ராஷுக்கு இங்கே இடமே கிடையாது.

ஆனால் பட்டியல் மாறியது என்று கம்போஸுக்குத் தெரிய வேண்டுமே. மியூட்டபிள்ஸ்டேட்ஆஃபுக்குள் சாதாரண மியூட்டபிள்லிஸ்ட்டைப் போட்டு ஆட் செய்தால் திரை அசையாது, மூன்றாம் வழியின் அதே சத்தமில்லாத பிழை. மியூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் பயன்படுத்துங்கள், அல்லது மாறாத பட்டியலை வைத்துப் பழையது கூட்டல் புதியது என்று மாற்றுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) கொடுப்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கொடுக்காவிட்டால் வரியின் நிலை இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலே ஒன்று சேர்த்தால் ஒரு வரியில் விரித்து வைத்திருந்த விவரம் பக்கத்து வரியில் விரிந்து நிற்கும். கொடுத்தால், பார்த்துக்கொண்டிருந்த வரி கண்ணிலிருந்து நகராது, ஆனால் ஒரே கீ இரண்டு முறை வந்தால் இந்தக் கீ ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று ஆப் க்ராஷ் ஆகும். சர்வர் ஒரே பொருளை இரண்டு பக்கங்களில் திருப்பி அனுப்பும் பழக்கம் உள்ளதாக இருந்தால் இது நிச்சயம் ஒருநாள் நடக்கும். அதற்குப் பயந்து கீயை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம், சேர்க்கும் இடத்தில் ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். க்ராஷ் உங்களுக்குத் தரவில் இருக்கும் பிரச்சனையைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

புதிய ஆப் என்றால் இதில்தான் தொடங்கச் சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பில் ஒரு க்ராஷைச் சரிசெய்ய மட்டும் இதற்கு மாறுவது நியாயமில்லை. கம்போஸ்வியூ வழியாக ஒரு திரையை மட்டும் மாற்றலாம் என்பது உண்மை, ஆனால் குழுவில் ஒருவருக்குத்தான் கம்போஸ் தெரியும் என்றால் அந்தத் திரையின் எல்லாப் பிழைகளும் இனி அவர் தலையில்தான் விழும், அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மொத்த அறிவிப்பு | இடம் சொல்லும் அறிவிப்பு | லிஸ்ட் அடாப்டர் | கம்போஸ் |
|---|---|---|---|---|
| கணக்குத் தவறும் க்ராஷ் | இடைவெளி விட்டால் வரும் | எளிதில் வரும் | அரிது | இல்லை |
| வரி சேர்ந்தும் தெரியாத பிழை | அறிவிக்க மறந்தால் | அறிவிக்க மறந்தால் | அதே லிஸ்ட்டைக் கொடுத்தால் | சாதாரண லிஸ்ட்டை வைத்தால் |
| பார்க்கும் இடம் | மேலே சேர்த்தால் நகரும் | நகராது | நகராது | கீ இருந்தால் நகராது |
| பெரிய பட்டியலில் வேகம் | தெரியும் வரிகள் எல்லாம் மறுபடி | மிக வேகம் | பின்னணியில் ஒப்பீடு | நன்று |
| பழைய கோடில் வேலை | ஒரு வரி | சில வரிகள் | அரை நாள் | திரையையே மாற்ற வேண்டும் |

ஐஃபோனுக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்த அட்டவணை கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். யூஐடேபிள்வியூவில் வரிகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வரும் இன்வேலிட் அப்டேட் க்ராஷ் இரண்டாம் வழியின் உடன்பிறப்பு, ஐஓஎஸ் 13-இல் வந்த டிஃபபிள் டேட்டா சோர்ஸ் மூன்றாம் வழியின் உடன்பிறப்பு.

## சரி, உங்களுக்கு எது

நாளைக்கு ஆப்பைக் கொடுத்தாக வேண்டும், இன்று க்ராஷ் நிற்க வேண்டும் என்றால்: பட்டியலை மாற்றும் எல்லா இடத்தையும் மெயின் திரெட்டில் ஒரே மெதடுக்குள் கொண்டுவந்து, அதன் கடைசி வரியில் டேட்டாசெட் சேஞ்ச்ட். பின்னால் எந்த வழிக்கு மாறினாலும் அந்த ஒரே மெதடை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் இந்த வேலை வீண்போகாது.

எக்ஸ்எம்எல் லேஅவுட்டோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆப், இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது வளரும் என்றால் லிஸ்ட் அடாப்டர். நான்கில் எதை எடுப்பது என்று உண்மையிலேயே தெரியாதவர்களுக்கும் என் பதில் இதுதான். ஆனால் உரிமையாளர் வியூமாடல், அடாப்டர் இல்லை என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நொடிக்குப் பல வரிகள் கடைசியில் வந்து விழும் திரை என்றால் இடம் சொல்லும் அறிவிப்பு. அங்கே ஒவ்வொரு வரிக்கும் பட்டியலை நகலெடுப்பது வீண் செலவு. வருவதைச் சேர்த்து வைத்துக் கொத்தாக ஐட்டம் ரேஞ்ச் இன்சர்ட்டட் கொடுத்தால் இன்னும் நல்லது.

சர்வரில் ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்து, பயனர் கீழே போகப் போகக் கொண்டுவர வேண்டும் என்றால் இந்த நான்கிலும் கையால் எழுத வேண்டாம், பேஜிங் 3 லைப்ரரிக்குப் போங்கள். அங்கே நீங்களாக ஒரு வரியைப் பட்டியலில் சேர்க்க முடியாது, தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டு பேஜிங் சோர்ஸை இன்வேலிடேட் செய்ய வேண்டும், ரூம் இருந்தால் அதுவே செய்துவிடும்.